சொந்த வண்டிக்கு டீலர் லெவல் ஸ்கேன் சாஃப்ட்வேர், கேபிள்: கடலூர், புதுச்சேரி நண்பர்கள் வழி சொல்லுங்கள்

கெடிலக்கரை | மஞ்சக்குப்பம், கடலூர்

வணக்கம். என்னிடம் இருப்பது 2017 ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் டீசல். கொஞ்ச நாளாக ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் அணைந்துவிடும், செம்மண்டலம் தாண்டுவதற்குள் மறுபடி வந்துவிடும். பிரேக் பிடிக்கிறது. ஆனால் ஏபிஎஸ் இல்லை என்று தெரிந்துகொண்டே மழைக்காலத்தில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு புதுச்சேரி ரோட்டில் போக மனசு வரவில்லை.

காரின் சாக்கெட்டில் செருகும் புளூடூத் டாங்கிள் ஒன்று வாங்கி போனில் ஆப் போட்டுப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே "கோளாறு எதுவும் இல்லை" என்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்கேனர் போட்டார்கள், திரையைக் காட்டவில்லை. ஏபிஎஸ்ஸை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியான மாட்யூலே போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்கள். தொகையைக் கேட்டதும் யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டீலர்கள் பார்க்கிற அளவுக்கு உள்ளே போய்ப் பார்க்கும் சாஃப்ட்வேரை நாமே லேப்டாப்பில் போட முடியும் என்கிறார்கள். என்ன கேபிள் வாங்குவது? வண்டிக்கு ஆபத்து உண்டா? வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது.

---

முதலியார்பேட்டை எலக்ட்ரிக்கல் | புதுச்சேரி

தம்பி, உங்கள் டாங்கிள் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஓபிடி2 என்பது இன்ஜின் கோளாறுகளை வெளியிலிருந்து படிக்க வழி செய்யும், புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த விதி. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் காருக்கு 2001, டீசலுக்கு 2004. நம் நாட்டில் பிஎஸ்4 புகை விதிக் காலத்தில், 2010இல் முதல் கட்டம், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம். எல்லாக் கம்பெனியும் ஒரே பாஷையில் பேச வேண்டும் என்று அந்த விதி சொன்னது இன்ஜினுக்கும் புகைக்கும் மட்டும்தான். ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டியரிங், பாடி கன்ட்ரோல் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சாதாரண ஆப் அந்தக் கதவைத் தட்டவே தட்டாது. அதனால்தான் விளக்கு எரிந்தாலும் "ஒன்றும் இல்லை" என்று வருகிறது.

ஃபோர்டு டீலர்கள் ஐடிஎஸ் என்ற சாஃப்ட்வேரை, வண்டியோடு இணைக்கும் விசிஎம் பெட்டியோடு பயன்படுத்துவார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. ஃபோர்ஸ்கேன் என்று வெளியார் எழுதிய விண்டோஸ் சாஃப்ட்வேர் இருக்கிறது. ஃபோர்டு, மாஸ்டா வண்டிகளில் கிட்டத்தட்ட டீலர் பார்க்கிற அத்தனை மாட்யூலையும் பார்க்கும். கோளாறு படிக்க, அழிக்க, லைவ் டேட்டா (சென்சர்கள் அந்த நேரத்தில் சொல்லும் எண்கள்) பார்க்க இலவசம். செட்டிங் மாற்றுவதற்குத்தான் தனி லைசென்ஸ். அதை இப்போது தொடவே வேண்டாம்.

ஒரு கேள்வி. சமீபத்தில் முன் வீல் பேரிங் எதுவும் மாற்றினீர்களா?

---

கெடிலக்கரை

இல்லை அண்ணா, பேரிங் மாற்றவில்லை. ஏன் கேட்கிறீர்கள்?

---

முதலியார்பேட்டை எலக்ட்ரிக்கல்

இப்போது வரும் பல கார்களில், சக்கர வேகத்தை ஏபிஎஸ்ஸுக்குச் சொல்லும் வீல் ஸ்பீடு சென்சருக்குப் பல் சக்கரம் கிடையாது. பேரிங்கின் ஒரு பக்கத்து சீலிலேயே காந்த வளையம் இருக்கும். பேரிங்கைத் திருப்பி அடித்துவிட்டால் காந்தம் வெளிப்பக்கம் போய்விடும், சென்சருக்கு எதுவும் தெரியாது. பேரிங் மாற்றிய மறுநாளே ஏபிஎஸ் விளக்கு என்று வந்து நிற்கிற வண்டிகளில் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இன்னொன்று. இந்த சென்சர்கள் உள்ளே எலக்ட்ரானிக்ஸ் உள்ளவை. பழைய காயில் சென்சர் மாதிரி மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. யாராவது அப்படிப் பார்த்து "ஓபன்" என்றால் நம்ப வேண்டாம். லைவ் டேட்டாவில் நான்கு வீல் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் கேட்கிற சாஃப்ட்வேரின் உண்மையான பலன் அங்கேதான் இருக்கிறது. கோளாறின் எண்ணான கோட் படிப்பது அதில் கால்வாசிதான்.

---

பண்ருட்டி போலோ | பண்ருட்டி

ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா ஆட்களுக்கும் இதே கதைதான். டீலரிடம் இருப்பது ஓடிஸ் என்ற சாஃப்ட்வேர். நமக்கு ராஸ்-டெக் நிறுவனத்தின் விசிடிஎஸ். ஆட்டோ-ஸ்கேன் கொடுத்தால் வண்டியில் உள்ள ஒவ்வொரு மாட்யூலையும் வரிசையாகத் தட்டி எழுப்பி அறிக்கை கொடுக்கும். நான் அசல் கேபிளே வாங்கினேன். குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளுக்கு மட்டும் என்ற வகை உண்டு, வீட்டுக்கு அது போதும். போலி கேபிள் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதை அசல் சாஃப்ட்வேரோடு இணைத்து அப்டேட் ஓடவிட்டால் கேபிள் செத்துவிடும்.

மற்ற கம்பெனிகளின் டீலர் சாஃப்ட்வேர்: டொயோட்டா என்றால் டெக்ஸ்ட்ரீம், பிஎம்டபிள்யூ என்றால் இஸ்டா, ஹோண்டாவுக்கு எச்டிஎஸ், ஹூண்டாய்க்கு ஜிடிஎஸ். ரெனோ வைத்திருப்பவர்கள் டிடிடி4ஆல் என்று தேடுங்கள். திறந்த மூல சாஃப்ட்வேர், இலவசம்.

---

நெய்வேலி ஷிப்ட் | நெய்வேலி

கேபிள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதில்தான் பாதிப் பேர் காசை விடுகிறார்கள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் 16ஆவது பின்னில் பேட்டரி பிளஸ் எப்போதும் இருக்கும். 4, 5 இரண்டும் எர்த். 6உம் 14உம் மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் கம்பி ஜோடியான கேன் பஸ், இதில்தான் இன்றைய கார்களின் முக்கியப் பேச்சு நடக்கிறது. 7 பழைய கார்களின் பேச்சுக் கம்பியான கே-லைன். மீதிப் பின்களில் பல, கம்பெனிகள் தங்கள் இஷ்டப்படி பயன்படுத்திக்கொள்ள விடப்பட்டவை. ஃபோர்டு 3, 11 இரண்டையும் எடுத்துக்கொண்டு இன்னொரு மெதுவான கேன் பஸ்ஸை ஓட்டுகிறது. 6, 14இல் விநாடிக்கு 500 கிலோபிட், 3, 11இல் 125. கதவு, ஏசி, மீட்டர் மாதிரியான சமாச்சாரங்கள் அந்த மெதுவான பஸ்ஸில் இருக்கும். சாதாரண டாங்கிளில் 3, 11க்கு உள்ளே வயரே இருக்காது. அதனால் ஃபோர்டுக்கு வாங்கும்போது இரண்டு பஸ்ஸுக்கும் ஸ்விட்ச் உள்ள யுஎஸ்பி கேபிள், அல்லது தானாக மாறிக்கொள்ளும் ஓபிடிலிங்க் இஎக்ஸ் மாதிரி ஒன்று வாங்குங்கள். ஏபிஎஸ் 6, 14 பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு தடவை வாங்குவதை முழுசாக வாங்கிவிடுவது நல்லது.

அடுத்தது சிப். டாங்கிள்களில் "இஎல்எம்327 வி1.5" என்று போட்டிருப்பார்கள். அந்தச் சிப்பை உருவாக்கிய கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. அவர்களுடைய ஆரம்பப் பதிப்பு காப்பி அடிக்கப்பட்டு, அதன் மேல் ஆளுக்கொரு எண் ஒட்டி விற்கப்பட்டது. அந்த நிறுவனமே 2022இல் மூடப்பட்டுவிட்டது. "2.1" என்று வருகிற பல டாங்கிள்களில் பாதிக் கட்டளைகள் கிடையாது. இன்ஜின் சூடு பார்க்க அது போதும். ஏபிஎஸ் மாட்யூலோடு நீளமான பதில் பரிமாறிக்கொள்ளும்போது நடுவில் அறுந்துவிடும்.

யுஎஸ்பி சிப்பிலும் போலி உண்டு. 2014 அக்டோபரில், யுஎஸ்பி சிப் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் புது டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தது. அது போலி சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கிவிட்டது. உலகம் முழுக்க நேற்று வரை ஓடிய கேபிள்களைக் கம்ப்யூட்டர் அடையாளமே காணவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன் கேபிளில் இருப்பது போலி என்று அதுவரை தெரியாது.

---

பாகூர் ஏரிக்கரை | பாகூர்

பொலேரோ பிக்அப்புக்கும் இந்த மாதிரி உண்டா? காய்கறி லோடு அடிக்கிற வண்டி. செக் இன்ஜின் எரிந்தால் வண்டி இழுக்காது, ஒரு நாள் பிழைப்பு போய்விடும். டவுனுக்குக் கொண்டுபோனால் ஸ்கேனர் போட மட்டும் தனிக் காசு.

---

முதலியார்பேட்டை எலக்ட்ரிக்கல்

மகிந்திரா, டாட்டா, மாருதிக்கு ஃபோர்ஸ்கேன் மாதிரி சொந்தக்காரர் கையில் கொடுக்கிற பிரபலமான சாஃப்ட்வேர் கிடையாது அண்ணே. டீலர் கருவிகள் டீலரிடம்தான். எங்களை மாதிரிக் கடைகள் லாஞ்ச், ஆட்டெல் போன்ற பல பிராண்டு ஸ்கேனரை வாங்கி வருஷா வருஷம் அப்டேட்டுக்குப் பணம் கட்டுகிறோம். ஸ்கேனர் போடக் காசு வாங்குவது அதனால்தான்.

ஆனால் உங்கள் கவலை இன்ஜின் விளக்கு. அதற்கு நல்ல டாங்கிளும் ஒரு ஆப்பும் போதும். பி0087 வந்தால் இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் ரெயில் குழாயில் பிரஷர் குறைவு. இழுவை இல்லாத டீசலில் முதலில் டீசல் ஃபில்டர், அதில் தண்ணீர், ஏர் லீக் பாருங்கள். பி0299 வந்தால் டர்போ காற்று போதவில்லை, ஹோஸ் கிளிப் கழன்றிருக்கிறதா, குழாயில் கிழிசல் இருக்கிறதா பாருங்கள். பி0401, புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் பக்கம். இந்த மூன்றையும் வயலோரத்தில் நின்றே ஓரளவு பார்த்துவிடலாம். கோட் வந்ததும் அழிக்காதீர்கள். அதோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒன்று பதிவாகியிருக்கும். எந்த வேகத்தில், எந்த ஆர்பிஎம்மில், இன்ஜின் எவ்வளவு சூட்டில் கோளாறு வந்தது என்று அதில் இருக்கும். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். எனக்கு வேலை பாதியாகக் குறையும்.

---

லாஸ்பேட்டை வக்கீல் | புதுச்சேரி

திரையைக் காட்டவில்லை என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள், அதைப் பற்றி. ஸ்கேன் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். ஸ்கேனுக்குப் பணம் கொடுத்தவர் நீங்கள்.

கருவிகளை டீலரோடு பூட்டி வைப்பது பற்றி இந்தியாவில் ஏற்கெனவே பெரிய வழக்கு நடந்திருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் வைத்ததுதான் காரணம். வெளியே ரிப்பேர் பார்த்தால் வாரண்டியே போய்விடும் என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். ஆனாலும் டயக்னாஸ்டிக் கருவியைப் பற்றி ஒரு ஆணையம் இவ்வளவு தெளிவாகப் பேசியதை வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது, எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. மற்றவை விவசாயக் கருவிகள், செல்போன் - டேப்லெட், வீட்டு உபயோகப் பொருட்கள்.

வாரண்டியில் உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு: கோளாறு படிப்பது வேறு, வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியுவில் எழுதுவது வேறு. எழுதினால் அதன் தடம் மாட்யூலில் இருக்கும். அந்த மாட்யூல் சம்பந்தமான கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகும்.

---

இழை மேற்பார்வை

கிராக் செய்த சாஃப்ட்வேருக்கு லிங்க் கேட்டும் கொடுத்தும் வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. சாவி புரோகிராம் செய்வது, திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசரைத் தாண்டுவது பற்றியும் இங்கே எழுத வேண்டாம்.

---

நெய்வேலி ஷிப்ட்

மேற்பார்வையாளர் சொன்னதற்கு ஒரு காரணம் சேர்க்கிறேன். போலி கேபிளோடு ஒரு சிடியோ பென்டிரைவோ வரும். அதில் "ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று எழுதியிருக்கும். அந்த லேப்டாப்பில்தான் நெட் பேங்கிங்கும் செய்வீர்கள். அப்படி ஒரு கேபிள் ஏற்கெனவே கையில் இருந்தால் கேபிளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேரை அதை எழுதியவர்களின் தளத்திலிருந்து இறக்குங்கள்.

---

கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஸ்விட்ச் உள்ள யுஎஸ்பி கேபிள் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன், நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இக்னிஷன் ஆன் செய்து ஃபோர்ஸ்கேன் ஓடவிட்டதும் மாட்யூல் பட்டியல் வந்தது. ஏபிஎஸ்ஸில் ஒரே ஒரு கோளாறு. சி0034, வலது முன் வீல் ஸ்பீடு சென்சர். மாட்யூல் ஒழுங்காகப் பேசுகிறது. பெயர், பார்ட் நம்பர் எல்லாம் சொல்கிறது. அது "போய்விட்டது" என்று சொன்னவர்கள் எதைப் பார்த்துச் சொன்னார்களோ தெரியவில்லை.

அப்புறம் அண்ணா சொன்ன மாதிரி நான்கு வீல் வேகத்தையும் கிராஃபில் போட்டேன். மச்சான் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் லேப்டாப்போடு. சில்வர் பீச் ரோட்டில் காலையில் கூட்டம் இல்லாத நேரம். 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போகும்போது நான்கு கோடும் ஒன்றன் மேல் ஒன்று, பிரித்தே சொல்ல முடியாது. இடது பக்கம் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்ததும் வலது முன் கோடு மட்டும் செங்குத்தாகப் பூஜ்ஜியத்துக்கு விழுந்தது. ஸ்டியரிங் நேரானதும் மறுபடி 20. திரும்ப ஒடிக்கச் சொன்னேன், அதே இடத்தில் விழுந்தது. மூன்றாவது முறை விழுந்த உடனே டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது.

ஸ்டியரிங்கை ஒடித்தால் போகிறது என்றால் வயர் எங்கேயோ இழுபடுகிறது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றினோம். ஸ்ட்ரட்டில் வயரைப் பிடித்திருக்கும் ரப்பர் கிளிப்புக்கு ஒட்டினாற்போல மேல் உறையில் மெல்லிய வெடிப்பு. விரலால் வளைத்தால்தான் தெரிகிறது. உறையைக் கீறிப் பார்த்தேன், உள்ளே செம்பு பச்சையாகி, பொடியாகி, நான்கைந்து இழைதான் மிச்சம். கடற்காற்றும் உப்புத் தண்ணீரும் அந்த வெடிப்பு வழியாகப் போயிருக்கின்றன.

சென்சர் வயரோடு சேர்ந்தேதான் வருகிறது. வெளிச்சந்தையில் வாங்கி மாற்றினேன். மாட்யூலுக்குச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பதிவான கோளாறை அழித்து, அதே ரோட்டில் அதே மாதிரி ஒடித்துப் பார்த்தோம். வலது முன் கோடு பூஜ்ஜியத்துக்கு விழவே இல்லை.

---

முதலியார்பேட்டை எலக்ட்ரிக்கல்

அருமை தம்பி. வயரில் ஒட்டுப் போடாமல் சென்சரையே மாற்றியது சரி. அந்த இடம் சஸ்பென்ஷனோடு ஆடிக்கொண்டே இருக்கும், சால்டர் நிற்காது. இடது பக்கத்து வயரையும் அதே கிளிப் இருக்கும் இடத்தில் வளைத்துப் பார்த்துவிடுங்கள். அதுவும் அதே உப்புக் காற்றில்தான் ஓடியிருக்கிறது.

என் கடைக்கு வருகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சி0034 என்றால் "சென்சர் கெட்டது" என்று அர்த்தம் இல்லை. அந்தச் சென்சரிலிருந்து வரவேண்டிய தகவல் ஒழுங்காக வரவில்லை என்றுதான் அர்த்தம். சென்சர், வயர், கனெக்டர், காந்த வளையம், மாட்யூல் எதுவாகவும் இருக்கலாம். கோட் நம்பரை எழுதிக்கொண்டு வந்து இந்தப் பார்ட்டை மாற்று என்று நிற்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். மாற்றி சரியாகாவிட்டால் எங்கள் மேல் கோபம். இந்தத் தம்பி மாதிரி கிராஃபைப் பார்த்துவிட்டு வருகிறவரோடு வேலை செய்வது எனக்குச் சந்தோஷம்.

---

பண்ருட்டி போலோ

அண்ணா சொல்வதை ஏற்கிறேன், ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. மாட்யூல் மாற்று என்று சொன்னவரும் ஸ்கேனர் வைத்திருந்த தொழில்காரர்தானே. இவர் கையில் கேபிள் இல்லாவிட்டால் மாட்யூல் மாறியிருக்கும், விளக்கும் அணைந்திருக்காது. அதனால் சொந்தக்காரர் படிப்பதோடு நிற்க வேண்டும் என்று கோடு கிழிக்காதீர்கள். பின் பிரேக் பேட் மாற்ற வேண்டும், எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார் என்றால் சாஃப்ட்வேரில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்தால்தான் பிஸ்டன் உள்ளே போகும். ஜாக்கி வைத்து அமுக்கினால் மோட்டார் கியர் உடையும். இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியைக் கழுவினால், அதன் புது நிலையை மாட்யூலுக்குக் கற்றுத்தரும் அடாப்டேஷன் செய்ய வேண்டும். அலைன்மென்ட்டுக்குப் பிறகு ஸ்டியரிங் ஆங்கிள் சென்சரைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதெல்லாம் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள வேலை. இதற்குக் கூடப் பயந்தால் கேபிள் எதற்கு?

---

முதலியார்பேட்டை எலக்ட்ரிக்கல்

நீங்கள் சொன்ன வேலைகளுக்கு நான் தடை சொல்லவே இல்லை. தாராளமாகச் செய்யுங்கள். அதில் மாட்யூலின் புரோகிராம் மாறுவதில்லை. இன்ஜெக்டர் மாற்றும்போது எழுதுகிற கோட் நம்பரும் அந்த வகைதான். ஹூண்டாய் சிஆர்டிஐயில் பாஷ் இன்ஜெக்டரின் தலையில் 7 எழுத்து இருக்கும். எந்த சிலிண்டருக்கு எந்த இன்ஜெக்டர் என்று அதைப் பார்த்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஐடிலில் ஆடும், புகைக்கும். பழைய கோட் நம்பர்களைக் குறித்து வைத்துக்கொண்டு எழுதினால் பயமில்லை.

நான் வேண்டாம் என்பது ஃபிளாஷ் செய்வதை. ஈசியுவின் புரோகிராமையே அழித்துவிட்டுப் புதிதாக எழுதும் வேலை அது. பாதியில் கேபிள் அறுந்தாலோ பேட்டரி இறங்கினாலோ அந்த மாட்யூல் பேசாது. வண்டி ஸ்டார்ட் ஆகாது. பெஞ்சில் வைத்துத் திறந்து உயிர் கொடுக்க வேண்டும், எல்லா மாட்யூலுக்கும் அதுவும் முடியாது. நல்ல 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இக்னிஷன் ஆனில் அரை மணி நேரம் வைத்தால், ஃபேனும் சேர்ந்து ஓடினால், அது வேகமாக இறங்கும். நாங்கள் ஃபிளாஷ் செய்யும்போது 13 வோல்ட்டுக்கு மேல் ஆடாமல் நிறுத்தி வைக்கும் பவர் சப்ளை போடுவோம். சாதாரண கேரேஜ் சார்ஜர் அதற்கு உதவாது, வோல்ட் ஏறி இறங்கும்.

செட்டிங் மாற்றுபவர்களும் மாற்றுவதற்கு முன் அந்த மாட்யூலின் பழைய செட்டிங்கை ஃபைலாக சேமித்து, லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று வையுங்கள். ஃபோர்ஸ்கேனும் விசிடிஎஸ்ஸும் இரண்டுமே அதற்கு வழி தருகின்றன. ஏர்பேக் மாட்யூலைப் படிக்க மட்டும் செய்யுங்கள்.

---

வில்லியனூர் டீசல் | வில்லியனூர்

பிஎஸ்6 டீசல் வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு, அவ்வளவுதான் ஓட்டம். புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்பின் விளக்கு வருகிறது. சாஃப்ட்வேரில் அந்தக் கரியை எரிக்கும் ஃபோர்ஸ்டு ரீஜென் என்று ஒரு பட்டன் இருக்கிறதாமே. வாசலில் வைத்தே செய்யலாமா?

---

முதலியார்பேட்டை எலக்ட்ரிக்கல்

வாசலில் வேண்டாம். ரீஜென் ஓடும்போது ஃபில்டருக்குள் 600 டிகிரி வரை போகும். சைலன்சருக்கு அடியில் காய்ந்த புல், சருகு, பக்கத்தில் கீற்றுக் கொட்டகை இருந்தால் தீப்பிடிக்கும். திறந்த சிமெண்ட் தரையில், பானெட்டைத் திறந்து வைத்து, ஆள் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய வேலை. டேங்கில் டீசல் ரிசர்வுக்கு மேல் இருக்க வேண்டும், இன்ஜின் சூடாகியிருக்க வேண்டும்.

அதற்கு முன் லைவ் டேட்டாவில் கரிப் படிவு எவ்வளவு என்று பாருங்கள். எல்லை தாண்டியிருந்தால் சாஃப்ட்வேரே மறுக்கும். மறுப்பதை ஏமாற்றிச் செய்யக் கூடாது, ஃபில்டர் உருகிவிடும். பாதியில் நின்ற ரீஜென்களால் டீசல் ஆயிலில் இறங்கி லெவல் ஏறியிருக்கும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் முதலில் ஆயில் மாற்றுங்கள்.

பட்டனுக்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். டிபிஎஃப் விளக்கு மட்டும் எரிந்து, இன்ஜின் விளக்கு எரியாவிட்டால், திண்டிவனம் ரோட்டில் ஒரே சீராக அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். பல வண்டிகளில் அதிலேயே எரிந்து சுத்தமாகிவிடும். டிபிஎஃப், ஈஜிஆரைச் சாஃப்ட்வேரில் "டெலீட்" செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் சரி என்று சொல்லாதீர்கள்.

---

லாஸ்பேட்டை வக்கீல்

கடைசி வரிக்காக. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அனுமதியில்லாத மாற்றத்தைத் தடுக்கிறது. 182ஏ(4) பிரிவின்படி அப்படி மாற்றிய சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். டெலீட் செய்து கொடுத்தவர் போய்விடுவார், ஆர்சியில் இருப்பது உங்கள் பெயர்.

---

சில்வர் பீச் ரைடர் | கடலூர் ஓ.டி.

பைக்குக்கு?

---

நெய்வேலி ஷிப்ட்

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததிலிருந்து பைக்கிலும் ஓபிடி உண்டு. பல பைக்குகளில் சீட்டுக்கு அடியில் 6 பின் கனெக்டர் இருக்கும், 6க்கு 16 மாற்று வயர் போட்டால் டாங்கிள் ஏறும். சில கேடிஎம், டிரையம்ஃப் மாடல்களுக்கு டியூன்ஈசியு என்ற சாஃப்ட்வேர் உண்டு. பைக் பேட்டரி சின்னது, இக்னிஷன் ஆனில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

---

ரெயின்போ நகர் | புதுச்சேரி

இந்த இழையை முழுக்கப் படித்தேன். எனக்குத் தேவை வேறு. பழைய கார் ஒன்று வாங்கப் பார்க்கிறேன். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் எங்கள் பகுதியில் எத்தனை கார் தண்ணீரில் நின்றது என்று கண்ணால் பார்த்தவன். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர் பக்கமும் அதே நிலைமை. அந்தக் கார்கள் எல்லாம் எங்கேயோ விற்பனைக்கு வந்திருக்கும். சீட் கவரையும் கார்ப்பெட்டையும் மாற்றிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. சாஃப்ட்வேரில் தெரியுமா?

---

நெய்வேலி ஷிப்ட்

பெரும்பாலும் தெரியும். எல்லா மாட்யூலையும் ஸ்கேன் செய்ய வேண்டும், இன்ஜினை மட்டும் பார்த்தால் போதாது. "யு" என்று தொடங்கும் கோளாறுகள் மாட்யூல்களுக்கு இடையே பேச்சு அறுந்ததைச் சொல்பவை. யு0100 என்றால் இன்ஜின் ஈசியுவோடு தொடர்பு இல்லை. பேட்டரி ஒரு தடவை இறங்கினாலும் இரண்டு மூன்று வரும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சம்பந்தமே இல்லாத நான்கைந்து மாட்யூல்களில் யு கோளாறுகள், அதுவும் அழித்துவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டினால் திரும்ப வருகிறது என்றால் ஈரம் போன வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். பல கார்களில் பாடி கன்ட்ரோல் மாட்யூலும் ஃபியூஸ் பெட்டியும் டேஷ்போர்டுக்குக் கீழே கால் பக்கம்தான் இருக்கின்றன. தண்ணீர் முதலில் எட்டுவது அங்கேதான்.

மல்டிமீட்டர் ஒன்றும் எடுத்துப் போங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு 6, 14 பின்களுக்கு நடுவே 60 ஓம் இருக்க வேண்டும், பஸ்ஸின் இரண்டு முனையிலும் 120 ஓம் இருப்பதால் வரும் கணக்கு. 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. சாக்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கேட்வே என்ற மாட்யூல் உள்ள புதிய கார்களில் இந்தக் கணக்கு மாறும்.

சில கார்களில் கோளாறு வந்தபோது ஓடியிருந்த கிலோமீட்டரும் மாட்யூலில் பதிவாகியிருக்கும். மீட்டரில் 48,000, ஏபிஎஸ்ஸில் பதிவான கோளாறு 91,000இல் வந்தது என்று இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

---

கெடிலக்கரை

ரெயின்போ நகர் நண்பரே, நீங்கள் பார்ப்பது ஃபோர்டாக இருந்தால் நான் கேபிளோடு வருகிறேன். எங்கே போய்ப் பார்க்க வேண்டும்?

---

ரெயின்போ நகர்

ஃபோர்டுதான் சார், ஃபிகோ. தவளக்குப்பத்தில் நிற்கிறது. ஞாயிறு காலை பார்க்கலாம் என்று விற்பவர் சொல்லியிருக்கிறார். வந்தால் பெரிய உதவி.

---

முதலியார்பேட்டை எலக்ட்ரிக்கல்

நானும் வருகிறேன், எனக்குப் பக்கம்தான். விற்பவரிடம் ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: பேட்டரியைக் கழற்ற வேண்டாம், கோளாறு எதையும் அழிக்க வேண்டாம், வண்டி இருக்கிறபடியே இருக்கட்டும். அழித்தால், புகை சம்பந்தமான பாகங்களை வண்டி சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினெஸ் மானிட்டர் எல்லாம் "முடியவில்லை" என்று திரும்பிவிடும், மறுபடி பூர்த்தியாக சில நாள் ஓட்டம் தேவை. ஞாயிறு காலை நாம் போகும்போது அவை பூர்த்தியாகாமல் இருந்தால், யாரோ சமீபத்தில் அழித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு அன்றைக்கு விலை பேசாமல் வந்துவிடலாம். மல்டிமீட்டர் நான் எடுத்து வருகிறேன், ஓம் பார்க்கப் பேட்டரியைக் கழற்றுவது எல்லாம் படித்து முடித்த பிறகு கடைசியில். கெடிலக்கரை தம்பி, லேப்டாப்பை முழு சார்ஜில் கொண்டு வாருங்கள்.